அடுத்தவர் போனில் ஒரு பெயர்

விடிந்ததிலிருந்து டோர்சிலா அடுப்படியை விட்டு நகரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் முதன்முதலாக வாசல் மிதிக்கப்போகிற நாள். பெரிய சட்டியில் நாட்டுக்கோழி கொதித்துக்கொண்டிருந்தது. வயசான சேவல், விறகைத் தின்றதே தவிர வேகிற வழியாக இல்லை. பக்கத்து அடுப்பில், பொரித்தெடுத்த ஜிலேபிக் கெண்டைகள் தக்காளிக் குழம்பில் முதுகு காட்டிக் கிடந்தன. சோள மாவுக் களியை மட்டும் அவர்கள் வந்து உட்கார்ந்த பிறகுதான் கிண்டவேண்டும். ஆறின களியை மாப்பிள்ளை வீட்டுக்கு வைத்தாள் என்ற பேச்சு வந்தால் அது பேத்தி காலம் வரைக்கும் போகாது.

மதினி பெரேஸ் வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து கீரை அரிந்துகொண்டிருந்தாள். டோர்சிலாவின் புருஷன் ஜப்லோனுக்கு அவள் அக்கா. கொடுலா ஊர் ஏரித் துறையிலேயே படகு வைத்திருந்தவனுக்கு வாக்கப்பட்டு, அவன் போன பின் படகைத் தானே நடத்துகிறவள். வாய்க்கு வரி கட்டாதவள்.

ஜப்லோன் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து நின்றான். சர்ச் மூப்பரிடம் இரவல் வாங்கியது.

"அக்கா, எப்படி இருக்கு?"

"கோட்டு நல்லாத்தான் இருக்கு. உள்ள ஆள் இருக்கான்னுதான் தெரியல."

"சிரிக்காத மதினி, குழம்புல உப்புப் பாரு" என்றாள் டோர்சிலா. ஆனால் அவளும் சிரித்தாள். உள்ளே, புதுச் சடை பின்னிய தலையைத் துணியால் மூடிக்கொண்டு பெரில் சிரிப்பது கேட்டது.

பெரில் ஒரே மகள். தையல் படித்து முடித்திருந்தாள். அக்கரைக்காரனான மேஷாக் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பயிற்சி வாத்தியாராக வந்திருந்தபோது, கால்சட்டை தைக்கக் கொடுக்கிற சாக்கில் ஆரம்பித்தது. ஒரே கால்சட்டையை எத்தனை தடவை பிரித்துத் தைப்பது என்று பெரேஸ் கேட்டுத்தான் விஷயம் வெளியே வந்தது.

உச்சிப் பொழுதில் காற்று திசை மாறியது. கரையில் ஓமெனா காயப்போட்டிருந்த பெண்கள் வலையோடு வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடினார்கள். நெத்திலி அளவு மீன். ஒரு மழை நனைந்தால் கோழித் தீவனத்துக்குத்தான் ஆகும். ஆகாயத்தாமரையை விலக்கிக்கொண்டு அக்கரைப் படகு வந்து ஒதுங்கியது. சர்க்கரை மூட்டைகள் இறங்கின. ஓர் ஆடு இறங்கியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். கோட்டு போட்டவர் ஒருவரும் இறங்கவில்லை.

"காத்து பலமா இருக்கு. அடுத்த படகுல வருவாங்க" என்றாள் பெரேஸ்.

ஜப்லோன் டோர்சிலாவின் போனை வாங்கி மேஷாக்கின் சித்தப்பாவைக் கூப்பிட்டான். மணி அடித்தது, நின்றது. மறுபடியும் அடித்தான். இந்தத் தடவை பாதியிலேயே வெட்டினார்கள். மூன்றாவது தடவை போன் அணைந்திருந்தது.

அடுத்த படகும் வந்து போனது. களிக்கு வைத்த வெந்நீர் கொதித்துக் கொதித்து வற்றி, டோர்சிலா மறுபடி ஊற்றி, அதுவும் வற்றியது. மழை கூரைத் தகரத்தில் இறங்கியபோது பெரில் தலைத்துணி இல்லாமல் வெளியே வந்தாள். கையில் போன்.

"மேஷாக் எழுதியிருக்கான்."

"என்னவாம்?"

"அப்பா வேண்டாங்கிறார். காரணத்தை உங்க அம்மாகிட்டயே கேட்டுக்கோ." வாசித்த குரலிலேயே நிமிர்ந்து கேட்டாள். "என்ன காரணம்மா?"

"எனக்கு என்ன தெரியும்?" என்றாள் டோர்சிலா. அவளுக்கு அப்போது நிஜமாகவே தெரியாது.

கோத்திரம் ஏதாவது இடிக்கிறதோ, பழைய பாட்டன் பூட்டன் வழியில் ரத்த உறவு வந்துவிட்டதோ என்று ஜப்லோன் கோட்டோடு உட்கார்ந்து யோசித்தான். பெரேஸ் குழம்பைப் பங்கு போட்டு அக்கம்பக்கம் கொடுத்தனுப்பினாள். பெரில் எதையும் தொடவில்லை.

டோர்சிலாவின் ஹோட்டல் படகுத் துறைக்கு நேர் எதிரே. தகரச் சுவர், நாலு பெஞ்சு, புகை பிடித்த கூரை. வலை இழுத்துவிட்டு வருகிறவர்களுக்குக் களியும் மீனும். பள்ளிக்கூடத்தில் கூட்டம், சர்ச்சில் விசேஷம், அதிகாரிகள் வருகை எதுவானாலும் போனில் சொல்லிவிடுவார்கள். பெரிய சட்டியில் சமைத்து மோட்டார்பைக்கில் ஏற்றி அனுப்புவாள். அதனால் அவளுடைய நம்பர் வெளிச்சுவரில் நீலச் சாயத்தில் பெரிதாக எழுதியிருக்கும். நம்பரை மறைத்து வைக்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. அடிக்க அடிக்கச் சோறு என்றிருந்தாள்.

அந்த வாரம் போன் அடிக்கவில்லை. வாத்தியார்களுக்கு வெள்ளிக்கிழமை மீன் சொல்லுகிற தலைமையாசிரியர் சொல்லவில்லை. அவளே கூப்பிட்டபோது, "இந்த வாரம் வேண்டாம்மா, அப்புறம் சொல்றேன்" என்று அவசரமாக வைத்தார். படகுக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். "டீ போதும்" என்றார்கள். முந்தாநாள் வரைக்கும் தட்டை வழித்து நக்கினவர்கள். ஒருத்தன் தன் தம்ளரைத் தானே கொண்டுவந்திருந்தான்.

"என் தம்ளருக்கு என்னப்பா கேடு?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல, இது பெருசு, அதான்."

அவன் தம்ளர் அவளுடையதைவிடச் சின்னது.

பெரேஸ்தான் சொன்னாள். வெயில் அடித்த ஒரு காலை, கரையில் இரண்டு பேரும் குனிந்து ஓமெனாவைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வழக்கமாகப் பக்கத்து வலைக்காரியை வம்புக்கு இழுக்கிற பெரேஸ் அன்று பேசவே இல்லை. 

"என்ன மதினி, உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு என்ன." பெரேஸ் நிமிராமலே மீனைக் கிளறினாள். "ஒண்ணு காட்டணும் உனக்கு. காட்டாம இருந்திரலாமான்னும் பார்த்தேன்."

"காட்டு."

"நம்ம படகு ஓட்டுறானே ஓபியரோ, அவன் போன்ல பார்த்தேன். அப்புறம் என் போன்லயும் அதே ஆப்பைப் போட்டுப் பார்த்தேன். தெரியாத நம்பர் வந்தா யாருன்னு பேரைக் காட்டுற ஆப்பு. இப்போ எல்லாரும் வச்சிருக்காங்க. திருட்டுப் பயலுவ பரிசு விழுந்திருக்குன்னு கூப்பிடுறானுவல்ல, அதுக்கு."

மீன் செதில் ஒட்டிய விரலைப் பாவாடையில் துடைத்துவிட்டு டோர்சிலாவின் நம்பரை அடித்தாள். போனைத் திருப்பிக் காட்டினாள். காட்டிவிட்டு ஏரியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

டோர்சிலா ஏ.ஆர்.வி. கொடுலா.

அந்த ஏரிக்கரையில் அந்த மூன்று எழுத்துக்கு அர்த்தம் தெரியாத கைக்குழந்தை கிடையாது. எச்.ஐ.வி. கிருமிக்கான மாத்திரை. தினமும் விழுங்கினால் எல்லாரையும்போல வலை இழுக்கலாம், பிள்ளை பெறலாம், கிழடு தட்டிச் சாகலாம். வீட்டுக்கு வீடு ஆள் உண்டு. ஆனாலும் அடுத்த வீட்டில் யார் விழுங்குகிறார்கள் என்று எல்லாரும் பேசுவார்கள். தான் விழுங்குவது யாருக்கும் தெரியாது என்றும் எல்லாரும் நம்பியிருந்தார்கள். அந்த நம்பிக்கையில்தான் துறை நடந்துகொண்டிருந்தது.

"நான் ஒண்ணும் கேக்கல" என்றாள் பெரேஸ். "நீ சொல்லவும் வேண்டாம். எனக்கு நீ என் தம்பி பெண்டாட்டி, அவ்வளவுதான்."

"இதை யார் எழுதினா?"

"ஆப்புக்கு யாரும் எழுதுறதில்லையாம் புள்ள. அதைப் போட்டவங்க போன்ல என்னென்ன பேர், என்னென்ன நம்பர் இருக்கோ எல்லாத்தையும் அது வாரிக்கிடுமாம். யாரோ ஒருத்தர் உன்னை இப்படி எழுதி வச்சிருக்காங்க."

டோர்சிலா மணலில் உட்கார்ந்தாள். தன்னை இப்படி எழுதி வைத்திருக்க உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் இருக்க முடியும், மாத்திரை வாங்குகிற இடத்து உதவிக்காரி. அப்புறம் மாப்பிள்ளையின் சித்தப்பா நினைவில் வந்தார். பேச்சு முடிவான பின் சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று கேட்க அவரை முதன்முதலாகக் கூப்பிட்டது அவள்தான். எவ்வளவு சந்தோஷமாகக் கூப்பிட்டாள். அவர் போனில் இந்தப் பெயர் விழும்படி தன் கையாலேயே அடித்துக் காட்டியிருக்கிறாள்.

மகளிடம் மறைப்பதற்கு இனி ஒன்றும் இல்லை. பொழுது சாயுமுன் ஜப்லோனைக் கூட்டி வைத்துக்கொண்டு சொன்னாள். பெரில் பள்ளியில் படிக்கும்போதுதான் ஜப்லோனுக்கு இருமல் வந்தது, சோதித்தார்கள், இரண்டு பேருக்கும் இருந்தது. யாருக்கு முதலில், யாரால் என்று அவர்கள் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. பேசினால் குடும்பம் நிற்காது என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. பக்கத்துச் சுகாதார நிலையத்துக்குப் போகாமல், மலை தாண்டி இன்னோர் ஊருக்குப் போய் மாத்திரை வாங்கினார்கள். குலுங்கினால் சத்தம் வராமல் டப்பாவுக்குள் பஞ்சு வைத்து, சோள மாவுப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தார்கள்.

பெரில் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னாள்:

"அக்கரையில என் முகமே பார்க்காதவனுக்குத் தெரியும். டீ குடிக்க வர்றவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது."

"கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன்மா. உனக்கு ஒண்ணும் இல்ல. நீ பிறந்தப்ப எங்களுக்கு இல்ல. அதனால..."

"இருந்தா என்ன, இல்லாட்டி என்னம்மா? நீயா என்கிட்ட சொல்லியிருந்தா நான் உன்னைக் கட்டிப்பிடிச்சு அழுதிருப்பேன். இப்ப அழறதுக்குக்கூட வெட்கமா இருக்கு."

"பெரில்" என்றான் ஜப்லோன்.

"நீங்க சும்மா இருங்கப்பா."

மறுநாளே அவள் போய்ச் சோதித்துக்கொண்டாள். ஒன்றும் இல்லை. அந்தச் சீட்டைப் படம் எடுத்து மேஷாக்குக்கு அனுப்பினாள். அவன் பார்த்ததற்கான குறி வந்தது. பதில் வரவில்லை. பதில் வராதது பெரிதில்லை, அதைப் போய் அனுப்பினோமே என்றுதான் அவள் கட்டிலில் முகம் குப்புறக் கிடந்தாள்.

டோர்சிலா மலை தாண்டிப் போனாள். ரிஸ்பா அந்தச் சுகாதார நிலையத்தில் உதவிக்காரி. அவளும் மாத்திரை சாப்பிடுகிறவள்தான். அதனாலேயே அவளை வைத்திருந்தார்கள். முதல் தடவை டோர்சிலா அங்கே போய் வாசலிலேயே திரும்பப் பார்த்தபோது கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனவள். மாத்திரை தீருகிற வாரம் தவறாமல் கூப்பிடுவாள். "கடையில உப்புத் தீர்ந்துடுச்சா, வந்து வாங்கிட்டுப் போங்க" என்பாள். பக்கத்தில் யார் இருந்தாலும் கேட்கலாம்.

ரிஸ்பா வீட்டு முன்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். டோர்சிலாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"பெரிலம்மா! பொண்ணு கல்யாணம் என்னாச்சு? எனக்குக் கோழிக்கால் எடுத்து வச்சியா?"

டோர்சிலா பெரேஸின் போனை இரவல் வாங்கி வந்திருந்தாள். பேசாமல் காட்டினாள்.

ரிஸ்பா கையில் இருந்த ஈரத்துணி தரையில் விழுந்தது. அதை எடுக்கவில்லை.

"இது என் போன்ல மட்டும்தானே..." என்றாள். "நான் யார்கிட்டயும் காட்டலையே. என் புருஷன்கூட என் போனைத் தொடமாட்டானே. டோர்சிலான்னு எனக்கு மூணு பேர் இருக்காங்க. சர்ச்சுல ஒருத்தி, பால்காரி ஒருத்தி. மாறிடக்கூடாதேன்னு அப்படி எழுதினேன்."

"நீ அந்த ஆப்பைப் போட்டியா?"

"புது போன் வாங்கினப்போ போட்டேன். தெரியாத நம்பர்லேருந்து ஒருத்தன் கூப்பிட்டு அசிங்கமாப் பேசினான். யாருன்னு கண்டுபிடிக்கலாம்னாங்க. போட்டேன். சம்மதமா, சம்மதமான்னு கேட்டுக்கிட்டே வந்துச்சு. அழுத்தினாத்தான் அடுத்த பக்கம் வருது. அழுத்தினேன். எல்லாரும் அழுத்துறதுதானே பெரிலம்மா? யாரு வாசிக்கிறா?"

"உன் சம்மதம் சரி." டோர்சிலாவின் குரல் ஏறவில்லை. "என் பேருக்குச் சம்மதம் சொல்ல நீ யாரு?"

ரிஸ்பா உள்ளே போனாள். தன் போனை எடுத்துவந்தாள்.  உருட்டிக்கொண்டே போனாள். பேருக்குப் பக்கத்தில் அதே மூன்று எழுத்து, மறுபடி, மறுபடி. ஜப்லோன் பெயர் இருந்தது. கொடுலாவில் டோர்சிலாவுக்குத் தெரிந்த பெயர்களும் இருந்தன. இவனுமா, இவளுமா என்று மனசு ஓடியதை அவளால் நிறுத்த முடியவில்லை. தனக்கு நேர்ந்ததையே தானும் இப்போது இன்னொருத்தருக்குச் செய்துகொண்டிருக்கிறோம் என்று தெரிந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"இத்தனை பேரையும்..." ரிஸ்பா படியில் உட்கார்ந்துவிட்டாள். "ஒரு ஆளைக்கூட நான் வாயைத் திறந்து சொன்னதில்ல. செத்தவங்க பேரைக்கூட. என்னை அடிச்சிட்டாவது போ பெரிலம்மா."

அடிக்கிற தெம்பு டோர்சிலாவுக்கு இல்லை. வரும்போது ரிஸ்பா மேல் இருந்த ஆத்திரமும் இப்போது எங்கே போனது என்று தெரியவில்லை. ஆத்திரம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாரையாவது பிடித்துத் திட்டியிருக்கலாம்.

கொடுலாவில் போன் கடை வைத்திருந்தவள் மௌரீன். போனில் எது பழுதானாலும் அவளிடம்தான் போகவேண்டும். டோர்சிலாவும் ஜப்லோனும் போனார்கள். கடையில் ஆள் ஒழியும் வரைக்கும் தள்ளி நின்றார்கள். இனி ஒளித்து என்ன என்று தெரிந்தும் நின்றார்கள்.

"பேரை எடுக்கலாம் அண்ணி" என்றாள் மௌரீன். அவளுக்கும் தெரிந்திருந்தது, முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. "அவங்க வெப்சைட்டுல போய் எழுதிக் கேக்கணும். உங்க முழுப்பேர், நம்பர், ஈமெயில் கேக்குது. நம்பர் உங்களோடதுதான்னு காட்டணுமாம்."

"என் பேரை எடுக்கச் சொல்றதுக்கு என் பேரைக் குடுக்கணுமா?"

"அப்படித்தான் கேக்குது."

"இவங்க யாரு? எந்த ஊரு?" என்றான் ஜப்லோன்.

"வெளிநாட்டுக் கம்பெனி அண்ணே. எந்த நாடுன்னு எனக்கும் சரியாத் தெரியல."

"கூப்பிட்டுக் குடு, நான் பேசுறேன்."

"கூப்பிட நம்பர் கிடையாது."

ஜப்லோன் அவளையே பார்த்தான். "உலகத்துல இருக்கிறவன் நம்பரெல்லாம் வச்சிருக்கான். அவனுக்கு ஒரு நம்பர் கிடையாதா?"

மௌரீன் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "நைரோபியில அரசாங்கத்துக்குப் புகார் எழுதலாம்கிறாங்க. சட்டம் இருக்கு. ஆனா என்ன நடந்துச்சுன்னு விவரமா எழுதணும்."

"விவரமா" என்று ஜப்லோன் திருப்பிச் சொன்னான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மௌரீன் எழுதி அனுப்பினாள். நன்றி, உங்கள் வேண்டுகோள் கிடைத்தது என்று பதில் வந்தது. பிறகு பெயர் போய்விட்டது. மௌரீனே ஹோட்டலுக்கு வந்து காட்டினாள்; நம்பர் மட்டும் வெறுமனே இருந்தது. அன்றைக்கு டோர்சிலா நெடுநாளைக்குப் பிறகு ஒரு முழுத்தட்டு சாப்பிட்டாள்.

அடுத்த மாதம் பெரேஸ் போட்டுப் பார்த்தபோது மறுபடி வந்திருந்தது. இந்தத் தடவை ஹோட்டல் டோர்சிலா எச்.ஐ.வி. என்றிருந்தது. ரிஸ்பா எப்போதோ தன் போனையே துடைத்து அழித்துவிட்டாள். இது அவள் போனிலிருந்து வந்ததில்லை. ஊரில் வேறு யாரோ அப்படிப் பதிந்து வைத்திருக்கிறார்கள். ஒருத்தரோ, ஒன்பது பேரோ.

"புது நம்பர் வாங்கிருங்க அண்ணி" என்றாள் மௌரீன்.

"வாங்கி யாருக்குக் குடுப்பேன்? இதே ஆளுங்களுக்குத்தானே. அவங்க என்னன்னு எழுதி வச்சுக்குவாங்க?"

ரிஸ்பாவை வேலையை விட்டு நிறுத்தினார்கள். விஷயம் மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பரவியது. மாத்திரை நாளில் சுகாதார நிலையத்து பெஞ்சு காலியாகக் கிடந்ததாகச் சொன்னார்கள். புதிதாக வருகிறவர்கள் தப்பு நம்பர் எழுதிவிட்டுப் போனார்கள். போனே கிடையாது என்று சாதித்தார்கள். டோர்சிலா போனாள். அவளுக்கு இனி மறைக்க என்ன இருக்கிறது? தலை நிமிர்த்தியே போய் வாங்கி வந்தாள். ஜப்லோன் போகவில்லை.

"உனக்கும் சேர்த்து நானே வாங்கிட்டு வரேன், குடு அட்டையை" என்பாள்.

"எடை பார்க்கணும், ஆளைப் பார்க்கணும்னு சொல்லுவாங்க."

"பார்க்கட்டுமே. வா, சேர்ந்து போவோம்."

"எழுதுவாங்க புள்ள. போனாலே எதுலயாவது எழுதுவாங்க. அது எங்க போய்ச் சேரும்னு உனக்குத் தெரியுமா?"

 ஒருநாள் ஜப்லோன் தூரத்துத் தீவுப் பக்கம் பெரிய மீன் கிடைக்கிறது என்று வேறொரு படகில் ஏறிப் போய்விட்டான். போகும்போது போனை வீட்டில் வைத்துவிட்டுப் போனான். அக்கா படகில் அவனோடு வலை இழுத்தவர்கள் அவனைப் பார்த்த பார்வைதான் காரணம் என்று பெரேஸுக்குத் தெரியும். ஓபியரோவைப் பிடித்து, "என் தம்பியை ஏண்டா அப்படிப் பார்த்தீங்க?" என்று கத்தினாள். "நான் பார்க்கலையே அக்கா. அவர்தான் எங்களைப் பார்க்கல" என்றான் அவன்.

பெரில் அதற்கு முன்பே கிசுமு நகரத்துக்குப் போயிருந்தாள். ஒரு தையல் கடையில் வேலை. முதலாளியம்மா நல்ல மாதிரி என்று சொல்லியிருந்தாள். ஒருநாள் பெரிலின் போன் கிடைக்கவில்லை. முன்பு ஒருமுறை அவள் முதலாளியம்மா போனிலிருந்து பேசியிருந்தது டோர்சிலாவுக்கு ஞாபகம் வந்தது. மழை வேறு, நகரத்தில் வெள்ளம் என்று ரேடியோவில் சொன்னார்கள். பதறிப்போய் அந்த நம்பரை அடித்தாள்.

அடித்துவிட்டு, மணி போகிற சத்தத்தைக் கேட்ட பிறகுதான் உறைத்தது. வெட்டிவிட்டாள். வெட்டி என்ன பிரயோசனம்?

பெரில் சாயங்காலம் கூப்பிட்டாள்.

"எதுக்கும்மா அவங்களுக்குக் கூப்பிட்ட?"

"வெள்ளம்னு சொன்னாங்கம்மா. உன் போன்..."

"சார்ஜ் இல்லம்மா. அவ்வளவுதான். சார்ஜ் இல்ல." பிறகு சொன்னாள்: "உங்க அம்மாவுக்கு அப்படின்னா உனக்குன்னு கேட்டாங்க. எனக்கு இல்லன்னேன். சீட்டு இருக்கான்னாங்க. ஊசி குத்திக்கிற வேலை, மத்த பிள்ளைங்க பயப்படுதுன்னாங்க. நாளைலேருந்து வர வேண்டாமாம்."

"நான் வந்து பேசுறேன். அவங்க காலைப் பிடிச்சாவது..."

"வராத. கூப்பிடாத. இனிமே எந்த நம்பருக்கும் கூப்பிடாத. வேணும்னா நானே கூப்பிடுறேன்."

முதலில் வாரம் ஒருமுறை கூப்பிட்டாள். வேறு கடை கிடைத்தது என்றாள்; எந்தக் கடை என்று சொல்லவில்லை. பிறகு எப்போதாவது. டோர்சிலா பொறுக்கமாட்டாமல் இரண்டொரு தடவை அடித்துப் பார்த்தாள். பெரில் எடுக்கவில்லை. ஹோட்டலில் பெஞ்சுகளில் தூசி படிந்தது. ஊருக்குப் புதிதாக வருகிற லாரிக்காரர்கள் மட்டும் சாப்பிட்டார்கள். சாப்பிட்டுவிட்டு ருசியாக இருக்கிறது என்று நம்பர் கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாள். சுவரில் இருந்த நீல எழுத்தைச் சாம்பல் கொண்டு தேய்த்தாள். முழுசாகப் போகவில்லை.

நீண்ட மழைக்காலம் முடிகிற சமயம் ஜப்லோனைப் படகில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். ஆள் பாதியாகியிருந்தான். இருமும்போது விலாவைக் கையால் பிடித்துக்கொண்டான். மாவட்ட ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காசநோய் முற்றிவிட்டது, மாத்திரையை எப்போது நிறுத்தினார் என்று கேட்டார்கள். டோர்சிலா அவன் கால்மாட்டில் தரையில் படுத்துக் கிடந்தாள். கஞ்சி கரைத்துக் கரண்டியால் கொடுத்தாள். ஒருநாள் கொஞ்சம் தெளிவாக இருந்தான்.

"பெரில்கிட்ட சொன்னியா?"

"எடுக்கமாட்டேங்கிறா."

"விடு. வேலையில இருப்பா." பிறகு, "தீவுல யாருக்கும் என்னைத் தெரியாது புள்ள. பேர்கூட வேற சொல்லியிருந்தேன். நல்லா இருந்துச்சு" என்றான்.

மறுநாள் காலை வெயில் ஏறும்போது போய்விட்டான்.

டோர்சிலா ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று தன் போனில் மகளை அடித்தாள். மணி முழுசாகப் போய் நின்றது. மறுபடியும். மறுபடியும். பெரேஸ் பக்கத்தில் வந்து தன் போனை நீட்டினாள்.

இரண்டாவது மணியிலேயே பெரில் எடுத்துவிட்டாள்.

"அத்தை! எப்படி இருக்கீங்க? இந்தப் பக்கம் எப்ப வர்றீங்க? ஓமெனா இல்லாம நாக்குச் செத்துப்போச்சு..."

அந்தக் குரலை டோர்சிலா கேட்டு எத்தனை நாளாயிற்று. கோட்டைப் பார்த்து உள்ளேயிருந்து சிரித்த பெண்ணின் குரல். அதை நிறுத்த அவளுக்கு மனசு வரவில்லை. போனைப் பெரேஸிடமே கொடுத்தாள்.

"பெரிலு, நான் சொல்றதை உட்கார்ந்து கேளும்மா" என்று பெரேஸ் ஆரம்பித்தாள். சொல்லி முடித்தாள். அந்தப் பக்கம் அழுகை. பெரேஸ் கேட்டுக்கொண்டே நின்றாள். "ஆமா, பக்கத்துலதான் நிக்கிறா. குடுக்கவா?" என்றாள். கொஞ்ச நேரம் காத்திருந்தாள். "சரி. சரிம்மா. வந்து பேசிக்கோ" என்று வைத்துவிட்டாள்.

உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது கொடுலா முழுவதும் வந்து நின்றது. அதில் குறை சொல்ல முடியாது. பெரில் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. ஓபியரோவும் மற்றவர்களும் குழி வெட்டினார்கள். தலைமையாசிரியர் பெஞ்சுகள் அனுப்பினார். மௌரீன் கூரைத் துணி கட்டிக் கொடுத்தாள். அழுகை ஓய்ந்த இடைவெளியில் டோர்சிலா எழுந்து பின்பக்கம் போனாள். வந்தவர்களுக்குச் சோறு போடவேண்டும். கையைச் சும்மா வைத்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. பெரிய சட்டியைக் கவிழ்த்திருந்த இடத்திலிருந்து புரட்டி எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள்.

பெண்கள் கூட்டமாக வந்து சட்டியைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நீ போய் உட்காரு டோர்சிலா. புருஷனைப் பறிகொடுத்தவ அடுப்புல நிக்கலாமா? சமையலை நாங்க பார்த்துக்கிறோம்."

வழக்கம் அதுதான். சாவு விழுந்த வீட்டுப் பெண்களை அடுப்பில் நிற்க விடமாட்டார்கள். டோர்சிலாவே எத்தனையோ வீடுகளில் இப்படிச் சட்டியைப் பிடுங்கியிருக்கிறாள்.

அவள் சட்டியின் காதை விடாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லா முகத்திலும் இரக்கம்தான் இருந்தது. வேறு ஏதாவது இருந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. இனி ஒருபோதும் தெரியப்போவதில்லை.

"குடு" என்றாள் ஒருத்தி மென்மையாக.

டோர்சிலா கையை எடுத்தாள்.